நிழல் பக்கத்துப் பனி

— கேமராவைத் திருப்பினது நீயா, அத்தானா? அதை மட்டும் சொல்லு அக்கா.

— எந்தக் கேமரா?

— மேல பால்கனித் தூண்ல கட்டி வெச்சிருக்கியே, அதுதான். உன் விடுதிப் பேரைத் தட்டினா உலகமே பார்க்குதே, அந்தக் கேமரா. இன்னைக்குக் காலையில அதைத் திறந்தா நான் தெரியறேன்! தூங்கின சட்டையோட, தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு, அடுப்புச் சாம்பல் கொட்ட வெளியே வரேன்.

— காத்து அடிச்சுத் திரும்பியிருக்கும் சென்சி. மூணு நாளா தெக்குக் காத்து பேயா அடிக்குது. எனக்குத் தலைவலியே விடலை.

— காத்து கம்பி வெச்சு முறுக்கிக் கட்டுமா? வரும்போது அண்ணாந்து பார்த்துட்டுத்தான் வந்தேன். ஒரு மரம்கூடக் குறுக்கே வராம, நேரா என் சரிவைப் பார்த்து நிக்குது. ஓடைக்கு இந்தப் பக்கம் உன் சரிவு இருக்கிறதே தெரியலை.

— என் சரிவுல என்னடி இருக்கு தெரியறதுக்கு? பச்சைப் புல்லு. எலி தோண்டின மண்ணு. நவம்பர் முடியப்போகுது, மஞ்சள் பூ பூத்திருக்கு, போய்ப் பாரு. பனிச்சறுக்கு விளையாட வரவனுக்குப் பூவையா காட்டச் சொல்றே?

— அதுக்காக என் பனியைக் காட்டுவியா?

— பார்த்தியா, பார்த்தியா! "என் பனி"ங்கிறே. வானத்துலேர்ந்து விழறதுக்குக்கூடப் பேர் எழுதி வெச்சிருக்கா! ஒரே மேகம்தான்டி ரெண்டு பக்கமும் கொட்டிச்சு போன வாரம். உன் பக்கம் விழுந்தது அப்படியே உக்காந்துக்கிச்சு. என் பக்கம் விழுந்தது மத்தியானத்துக்குள்ள கூரைக் குழாய் வழியா ஓடியே போச்சு.

— அது வெயில் பண்ற வேலை அக்கா. என்னை ஏன் முறைக்கிறே?

— முறைக்கலை. சூப்பு ஊத்தட்டுமா? உருண்டை இருக்கு.

— ஊத்து. முறைச்சுக்கிட்டே ஊத்தாதே, கையில கொட்டிடும்.

— இரு, இரு. போன் அடிக்குது... ஹலோ, ஆமாங்க, புர்கிதான் பேசறேன். ஓ, யோஸ்ட் ஐயாவா! எப்படி இருக்கீங்க? ஹாலந்துல மழையா? இங்கே... ஆமாமா, பார்த்தீங்களா கேமராவுல? வெள்ளை வெளேர்னு இருக்கு இல்ல? ... குழந்தைங்களைச் சரிவுல மேலே இழுத்துப் போற சின்ன இழுவைக் கயிறா? ... ஓடும்ங்க, ஓடாம? சனிக்கிழமை நீங்க வந்து இறங்கும்போது ஓடிக்கிட்டிருக்கும்... அந்த வீடா? கேமராவுல வலது பக்கம் பாசி பிடிச்ச கூரையோட தெரியுதே, அதுவா? அது... அது நம்ம மாட்டுக் கொட்டகைங்க.

— அடியம்மா!

— ஒண்ணுமில்லைங்க, பூனை கத்துது. சரிங்க. எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க. சனிக்கிழமை பார்ப்போம்.

— நான் பூனை. என் வீடு மாட்டுக் கொட்டகை. ரொம்ப நன்றி அக்கா.

— வேற என்னடி சொல்லச் சொல்றே? அது என் தங்கச்சி வீடு, பனி அவளுது, ஆளுங்களை மலைக்கு ஏத்தற அந்தக் கம்பி வண்டி ஸ்டேஷன் அவ முற்றத்துலதான் இருக்கு, நேரா அங்கேயே போய் இறங்குங்கன்னு சொல்லவா? அதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கே?

— எனக்கு இருக்கிற நாலு ரூமும் ஈஸ்டர் வரைக்கும் நிரம்பியாச்சு. உன் ஹாலந்துக்காரங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன், கூரையில படுக்க வைக்கவா?

— அதையும் சொல்லிக் காட்டு. ஈஸ்டர் வரைக்கும் நிரம்பியாச்சாம்! இங்கே எனக்கு இருக்கிறதே அந்த யோஸ்ட் கூட்டம் ஒண்ணுதான். அப்பன், பிள்ளை, பேரப்பிள்ளைன்னு வருஷா வருஷம் பருவத்தைத் தொடங்கி வைக்கிற கூட்டம். முதல் வாரம் அவங்க வந்துட்டுப் போய் நல்லாருக்குன்னு சொன்னாத்தான் அவங்க சொந்தக்காரங்க, சிநேகிதங்க எல்லாம் வருவாங்க. போன வருஷமும் புல்லு. அதுக்கு முந்தின வருஷம் சேறு. இந்தத் தடவையும் புல்லுன்னா அடுத்த வருஷம் வேற பள்ளத்தாக்கு. அப்புறம் நான் இந்தக் கதவைச் சாத்திட்டு, இன்ஸ்ப்ருக்ல மக வீட்டு மூணாவது மாடியில உக்காந்து டிராம் வண்டியை எண்ணிக்கிட்டிருக்கணும். போதுமா?

— சனிக்கிழமை வந்து இறங்கினதும் கண்ணு தெரியாதா அக்கா அவங்களுக்கு? கேமராவைத் திருப்பலாம், மலையைத் திருப்ப முடியுமா?

— அதுக்குள்ள விழும்.

— வெளியே அத்தான் அரைக்கைச் சட்டையோட உக்காந்திருக்கார். விழுமாம்!

— புர்கி! யாரு வந்திருக்கிறது? சென்சியா? என்னம்மா மச்சினிச்சி, உன் குகையிலேர்ந்து வெளிச்சத்துக்கு வந்தியா? வா வா, இங்கே வெயில்ல வந்து உக்காரு. இனாம்தான்!

— வரேன் அத்தான். முழங்கால் எப்படி இருக்கு?

— முழங்காலா? அதுதான் என் வானிலை நிலையம். நான் அப்பவே சொன்னேன், கிறிஸ்துமஸ் வரைக்கும் இங்கே ஒரு பொட்டுப் பனி தங்காதுன்னு. டிவிக்காரன் கேக்கலை. உங்கக்காவும் கேக்கலை. தங்கலைன்னா என்ன இப்போ? என்ன மாதிரி வெயில் பாரு! புர்கி, காப்பி என்னாச்சு?

— கொண்டு வரேங்க!

— நேத்து மாதிரி ஆறிப்போய் வேண்டாம்!

— கேட்டியா? வீடு தீப்பிடிச்சாக்கூட நல்லாக் குளிர் காயலாம்னுதான் சொல்லுவார். பனி இல்லைன்னு இந்தக் கிராமத்துலயே சந்தோஷப்படற ஒரே ஆள்.

— சரி, நான் வந்த விஷயத்தைச் சொல்லிடறேன். கேமராவுக்காக மட்டும் வரலை. எங்க வீட்டுக்காரர் வென்டலின் அனுப்பினார். மரத்தூளுக்கு அடியில கிடக்கிற பழைய பனியை நாளைக்குத் திறக்கப் போறாராம். எங்க சரிவுக்குப் போக மிச்சம் இருக்கும். டிராக்டர்ல ஏத்தி ஓடைப் பாலம் வழியா கொண்டு வந்து, உன் சின்னக் கயிறு ஓடற இடத்துல மட்டும் பரப்பித் தரேங்கிறார். ஒரு பாய் விரிச்ச மாதிரி. குழந்தைங்க சறுக்க அது போதும்.

— போன வருஷத்துப் பனி.

— ஆமா. மார்ச்சுல குவிச்சு மூடினது. கோடை பூரா தாங்கிடுச்சு.

— ஜூலையில அந்த ஆள் தூளை அள்ளிப் போட்டுக்கிட்டிருந்தப்போ இந்தப் பக்கத்துலேர்ந்து நாங்க சிரிச்சோம். "பனிக்குப் போர்வை போர்த்தித் தூங்க வைக்கிறான்"னு உங்க அத்தான் லோய்ஸ் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்.

— சத்தம் எங்களுக்குக் கேட்டுச்சு. விடு. வாங்கிக்கிறியா?

— வேண்டாம்.

— அக்கா!

— வேண்டாம்டி. உன் வீட்டு எச்சில் பனி எனக்கு வேண்டாம். அப்புறம் கோயில்ல முன் வரிசையில உக்காந்துக்கிட்டு, எங்க பனியிலதான் அக்கா பொழைக்கிறான்னு முகத்தை வெச்சுப்பே.

— நான் எப்போ அப்படி முகத்தை வெச்சேன்?

— இப்பக்கூட வெச்சிருக்கே.

— இது என் முகம் அக்கா! பொறந்ததுலேர்ந்து இப்படித்தான் இருக்கு. வயித்தெரிச்சலை அடக்கிட்டு யோசி. கயிறு ஓடினா யோஸ்ட் தங்குவார். ஓடலைன்னா போயிடுவார். உனக்கு எது வேணும்?

— வயித்தெரிச்சல்தான். இல்லைங்கலை. எரியுது. காலையில கண்ணைத் திறந்தா ஜன்னல்ல முதல்ல தெரியறது உன் சரிவு. வெள்ளையா. உன் முற்றத்துல எத்தனை கார் நிக்குதுன்னு பார்த்துட்டுத்தான் பல்லு தேய்க்கிறேன். உன் கம்பி வண்டி சுத்த ஆரம்பிச்சா அந்தச் சத்தம் என் காதுக்குள்ள சுத்துது. போதாக்குறைக்கு உன் புருஷன் வேற.

— அவர் என்ன பண்ணினார்?

— ஞாயித்துக்கிழமை வாசப்படியில உன்னை உக்கார வெச்சு, குனிஞ்சு, உனக்கு பூட்ஸ் மாட்டி விட்டான். நான் பார்த்தேன்.

— எனக்குக் கால் சுளுக்கு!

— எனக்கும்தான் போன மாசம் சுளுக்கிச்சு. எனக்கு யாரும் மாட்டி விடலை. "நீ நொண்டற வேகத்துக்குக் காப்பி ஆறிடும்"னார்.

— இவ்வளவு நுணுக்கமாப் பார்க்கிறியா? கேமராவுலயா?

— கேமராவுல அவ்வளவு தெளிவாத் தெரியாது. பைனாகுலர்.

— நல்லாருக்கு! அப்போ நானும் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. அந்தக் கேமராவைத் திருப்பினதுக்கு நான் ஏன் இப்படி ஓடி வந்தேன் தெரியுமா? நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் என் வீட்டுல ஒரு பொட்டு வெயில் கிடையாது. மெழுகுவர்த்தித் திருநாளுக்கு அடுப்படி ஜன்னல்ல ஒரு விரல் அகலத்துக்கு வரும். அது வரைக்கும் இருட்டு. துணி காயாது. மனசும் காயாது. தினம் காலையில காப்பியை எடுத்து வெச்சுக்கிட்டு உன் கேமராவைத் திறந்து, உன் மொட்டை மாடியில வெயில் அடிக்கிறதைத்தான் பார்ப்பேன். மேசை விரிப்பு, அந்தச் சிவப்பு நாற்காலி, எல்லாத்து மேலயும் வெயில். எரியும் எனக்கும். இன்னைக்குத் திறந்தா நானே நிக்கிறேன், இருட்டுல.

— நீ என் வெயிலைப் பார்த்து எரிஞ்சியா?

— பின்னே?

— அப்போ அன்னைக்கு ஏன்டி நிழலை எடுத்தே?

— ஆரம்பிச்சுட்டியா!

— ஆரம்பிக்கத்தான் போறேன். முப்பது வருஷமாக் கேக்கறேன், ஒழுங்கா ஒரு பதில் வரலை. அப்பா நம்ம ரெண்டு பேரையும் மேசையில உக்கார வெச்சு என்ன சொன்னார்? நம்ம வீட்டு வழக்கப்படி நிலத்தை மூத்தவ பிரிக்கட்டும், இளையவ முதல்ல எடுக்கட்டும்னார். நான் பிரிச்சேன். நீ எடுத்தே. வெயில் பக்கத்துல கோதுமை விளையும், ஆப்பிள் காய்க்கும். நிழல் பக்கத்துல என்ன இருந்துச்சு அப்போ? பாசியும் ஈரமும். புத்தி இருக்கிறவ எவளாவது அதை எடுப்பாளா? நீ வாயைத் திறந்து "நிழல்"ன்னே. அப்பாவே புகை பிடிக்கிற குழாயைக் கீழே போட்டுட்டார். நாலே வருஷம், சரியா உன் முற்றத்துல வந்து கம்பி வண்டி நிக்குது. உனக்கு முன்னாடியே தெரியும்.

— தெரியாது அக்கா.

— தெரியும்! தெரிஞ்சுக்கிட்டு அப்பாவிப் பொண்ணு மாதிரி எடுத்தே. அதை ஒரே ஒரு தடவை உன் வாயால ஒத்துக்கோ. "ஆமா அக்கா, எனக்குத் தெரியும், உன்னை ஏமாத்தினேன்"னு சொல்லு. சொல்லிட்டா உன் பழைய பனியை வாங்கிக்கிறேன். கேமராவையும் திருப்பிடறேன். இல்லைன்னா சனிக்கிழமை யோஸ்ட் புல்லைப் பார்த்துட்டுப் போகட்டும், நானும் கதவைச் சாத்திக்கிறேன்.

— இது என்ன அக்கா பிடிவாதம்?

— சொல்லு பார்ப்போம்.

— நான் ஒண்ணு கேக்கறேன். இளையவதான் முதல்ல எடுப்பான்னு தெரிஞ்சா மூத்தவ என்ன பண்ணுவா? ரெண்டையும் சமமாப் பிரிப்பா. இதுல பாதி வெயில், பாதி நிழல். அதுலயும் அப்படியே. நீ என்ன பண்ணினே? ஓடைதான் எல்லைன்னு மேசையில விரலால ஒரு கோடு இழுத்தே. மொத்த வெயிலும் ஒரு பக்கம், மொத்த நிழலும் இன்னொரு பக்கம். அப்படி ஏன் பிரிச்சே?

— பேச்சை மாத்தாதே.

— நான் வெயிலை எடுத்திருந்தா இன்னைக்கு நீ அந்தக் குகையில இருந்திருப்பே.

— நீ வெயிலைத்தான் எடுப்பேன்னு நினைச்சேன். அவ்வளவுதான்.

— நினைச்சும் அப்படிப் பிரிச்சியா? எனக்கு விட்டுக் கொடுக்கவா? நீ எனக்கு ஒரு ரிப்பன்கூட விட்டுக் கொடுத்ததில்லையே அக்கா!

— அப்பா பிரின்னார், பிரிச்சேன். இப்போ குற்றவாளி நீ, நான் இல்லை. சொல்லு.

— சரி. சரி, விடு. தெரியும். போதுமா? கம்பி வண்டி வரப்போகுதுன்னு வென்டலின் என்கிட்ட முன்னாடியே சொல்லிட்டார்.

— பொய்.

— நீதானே சொல்லச் சொன்னே!

— ஒழுங்காப் பொய் சொல்லக்கூடத் தெரியலை உனக்கு. வென்டலின் இந்தப் பள்ளத்தாக்குக்கே கம்பி வண்டிக்குத் தூண் நட வந்தவன். நாம பாகம் பிரிச்சப்போ அவன் எந்த ஊர்ல இருந்தானோ, உன் பேரே அவனுக்குத் தெரியாது. அப்போ இங்கே சுத்திக்கிட்டிருந்தது லோய்ஸ் மட்டும்தான்.

— ஆமா. அத்தான் மட்டும்தான்.

— என்னடி, குரல் ஒரு மாதிரி ஆகுது? லோய்ஸுக்குத் தெரியுமா? அவரா சொன்னார் உனக்கு?

— கம்பி வண்டியைப் பத்தி இல்லை.

— பின்னே?

— வேண்டாம் அக்கா. சூப்பு நல்லாருக்கு. நாளைக்குக் காலையில டிராக்டர் வரும், பேசாம வாங்கிக்கோ.

— சென்சி. நான் உனக்குப் பின்னல் போட்டு விட்டவ. மூக்கு நுனி சிவந்தா நீ எதையோ முழுங்கறேன்னு அர்த்தம். சொல்லு. இன்னைக்குச் சொல்லாம இந்த வாசலைத் தாண்ட விடமாட்டேன்.

— கேட்டுட்டு வருத்தப்படக் கூடாது.

— படமாட்டேன்.

— கத்தக் கூடாது. அவர் வெளியே உக்காந்திருக்கார்.

— கத்தலை. சொல்லு.

— நினைவிருக்கா, அவர் அவங்க வீட்டுல ரெண்டாவது பிள்ளை. பண்ணை பூரா மூத்தவனுக்குன்னு ஆயிடுச்சு. அவருக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. எங்கேயாவது வீட்டோட மாப்பிள்ளையாப் போனாத்தான் உண்டு. அவங்கப்பாவும் நம்ம அப்பாவும் பேசி வெச்சிருந்தாங்க, ரெண்டு பொண்ணுல ஒருத்தியைக் கட்டிக்கட்டும்னு.

— தெரியும். எல்லாரும் என்னைத்தான்னு நினைச்சாங்க. மூத்தவளாச்சே.

— எல்லாரும் நினைச்சாங்க. அவர் நினைக்கலை. பாகம் பிரிக்கிறதுக்கு முதல் நாள் சாயங்காலம், வைக்கோல் போருக்குப் பின்னாடி வந்து நின்னார். தொப்பியைக்கூட எடுக்கலை. "இதோ பாரு சென்சி, நீதான் முதல்ல எடுக்கப்போறே. எனக்குக் குளிர் ஆகாது. வெயில் பக்கம் எவளுக்கு வருதோ, அவளைத்தான் நான் கட்டிப்பேன். புத்தியா வெயிலை எடு, மறுநாளே உங்கப்பாகிட்டப் பேசி முடிச்சுடறேன்"னார்.

— ம்.

— ராத்திரி பூரா தூங்கலை நான். வெயில் எனக்கும் பிடிக்கும் அக்கா. உன்னைவிட எனக்குத்தான் அதிகம் பிடிக்கும். ஆனா காலையில அப்பா கேட்டப்போ, நீ கோடு போட்டு முடிச்சுட்டு என்னையே பார்த்துக்கிட்டிருந்தே, நான் அந்த வெயில்ல அவர் காலை நீட்டி உக்காந்து காப்பி கேக்கறதைப் பார்த்துட்டேன். வாய் தானா நிழல்னு சொல்லிடுச்சு. பனிக்காக இல்லை. கம்பி வண்டிக்காக இல்லை. அவர்கிட்டேர்ந்து தப்பிக்கத்தான் எடுத்தேன். ஏமாத்தினேன்னு சொல்லணும்னா, அதுதான் நான் உன்னை ஏமாத்தினது. அவரை உன் தலையில கட்டிட்டு ஓடிட்டேன்.

— தப்பிக்கவா எடுத்தே?

— ஆமா அக்கா. திட்டு. கரண்டியால அடி. இப்படி உக்காந்திருக்காதே.

— புர்கி! வெயில் நகர்ந்துடுச்சு, வந்து நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடு!

— அக்கா, அழறியா? தப்புதான். சொல்லியிருக்கக் கூடாது. வென்டலின்கிட்டச் சொல்லி நாளைக்கு விடிஞ்சதும் பனியை...

— அனுப்பு. ரெண்டு பாய் அகலத்துக்கு அனுப்பு, எனக்குச் சேர வேண்டியதுதான். வைக்கோல் போருக்குப் பின்னாடி உன்கிட்டச் சொன்னதை, அன்னைக்குக் காலையிலேயே கிணத்தடியில என்கிட்டச் சொல்லிட்டுத்தான்டி உன்கிட்ட வந்தார். நீ வெயிலை எடுத்துப்பே, அந்தாளும் உன் பின்னாடியே போய்த் தொலைவார், நான் தப்பிச்சுடலாம்னு நம்பித்தானே அந்தக் கோட்டையே அப்படி இழுத்தேன்!